“எந்த நட்டு அண்ணை?”: வயலில் நிற்பவருக்கு ஏ.ஆர் வழிகாட்டி செய்வது எப்படி

காலபோக உழவு நடக்கும்போது லான்ட்மாஸ்டர் (கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரம்) டீசல் முடிந்து நின்றால், டீசல் ஊற்றினாலும் உடனே ஸ்ராட் ஆகாது. குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும், எயார் எடுக்க வேண்டும். வயல் விசுவமடுவுக்கு உள்ளே, மெக்கானிக் பரந்தனில். போனில் பேச்சு இப்படிப் போகும்:

“எந்த நட்டு அண்ணை?”
“பம்புக்கு மேல நிக்கிறது, தம்பி.”
“மேல ரெண்டு நிக்குது.”
“மேல் நட்டு. கீழ இருக்கிறதைத் தொட்டிடாதை.”
“எண்ணையும் மண்ணும் மூடிக் கிடக்கு, ரெண்டும் ஒண்டாத் தான் தெரியுது.”

கீழே இருப்பது டெலிவரி வால்வைப் பிடித்து நிற்கும் நட்டு. அதைக் கழற்றினால் பம்பே ஒழுகத் தொடங்கும். அரை மணி நேர வேலை கராஜுக்குப் போகும் வேலையாகி, ஒரு நாள் உழவும் போய்விடும்.

போன் கமராவை எஞ்சினுக்கு நேரே பிடித்ததும் திரையில் அந்த மேல் நட்டில் மட்டும் ஒரு சிவப்பு வளையம் ஒட்டி நிற்கிறது, போனை அசைத்தாலும் வளையம் நட்டை விட்டு விலகுவதில்லை என்றால், அதுதான் ஏ.ஆர், ஆங்கிலத்தில் ‘ஓக்மென்ரட் ரியாலிற்றி’. தமிழில் இதற்கு மிகை யதார்த்தம், மிகைமெய் என்று பல பெயர். விளையாட்டுச் சாமான் என்று பலர் நினைத்தாலும், அந்த ஆங்கிலப் பெயர் 1990 அளவில் பிறந்தது போயிங் விமானத் தொழிற்சாலையில். வயர்க் கட்டுகளைப் பலகையில் கட்டும் தொழிலாளருக்கு எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணெதிரே காட்டுவதற்காக டொம் கோடெல் என்பவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தொடக்கத்திலிருந்தே கைவேலைக்காரரின் சாமான் இது.

ஏ.ஆர் பதில் சொல்லும் கேள்விகள் மூன்று: எது, எங்கே, எந்தப் பக்கம். ஏன் பழுதானது, எவ்வளவு இறுக்க வேண்டும், இந்தச் சத்தம் சரியா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. இந்த எல்லையை மறந்து செய்த வழிகாட்டிகள்தான் காட்சிக்கு அழகாக இருந்துவிட்டு அலுமாரிக்குள் போகின்றன.

எந்த வேலையைத் தெரிவுசெய்வது

ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். அது அடிக்கடி வர வேண்டும், படிகள் 10க்குள் அடங்க வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதபோது நடக்க வேண்டும், ‘எது’ என்ற குழப்பத்தால் பிழை வருவதாக இருக்க வேண்டும். எயார் எடுப்பது இந்த நான்குக்கும் பொருந்துகிறது. எண்ணெய் மாற்றுவது அவ்வளவு பொருந்தாது, ஏனென்றால் வடிக்கும் போல்ட்டை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. பிஸ்டன் கழற்றுவது பொருந்தவே பொருந்தாது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

முதலில் ஒரு கடுதாசியில் படிகளை எழுதி, படம் எடுத்து, ஒரு அட்டை செய்து பாருங்கள். அட்டையே போதுமென்றால் அட்டையோடு நிறுத்துங்கள். பற்றரி இறங்காது, மழையில் நனைந்தால் இன்னொன்று அடிக்கலாம். அட்டையைப் பார்த்துவிட்டும் எஞ்சினைப் பார்த்து “இதில எது அது?” என்று தடுமாறும் படிகள் இருக்கும். அந்தப் படிகளுக்கு மட்டும் ஏ.ஆர் செய்தால் போதும். எயார் எடுக்கும் வேலையில் அப்படிப்பட்டவை 3.

கருவி: இருக்கிற போன் போதும்

தலையில் மாட்டும் கண்ணாடிகளைத் தேடிப் போக வேண்டாம். மைக்ரோசொப்டின் ஹோலோலென்ஸ் 2 வெளிவந்தபோது 3,500 டொலர். 2024இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். கூகிள் தன் தொழிற்சாலைக் கண்ணாடியின் விற்பனையை 2023இல் நிறுத்தியது. உதிரிப்பாகமும் மென்பொருள் புதுப்பிப்பும் இல்லாத சாமானை வன்னியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போனில் இரண்டு வழி உண்டு. முதலாவது கூகிளின் ஏ.ஆர் கோர். இது கமராவையும் அசைவை உணரும் சென்சர்களையும் சேர்த்து இடத்தையே நினைவில் வைக்கும். போனை வேறு பக்கம் திருப்பிவிட்டுத் திரும்பினாலும் வளையம் அதே இடத்தில் நிற்கும். ஆனால் எல்லாப் போனும் இதற்கு ஒத்துவராது. மலிவான போன்கள் பல அந்தப் பட்டியலில் இல்லை, செயலி செய்யவும் ஆள் வேண்டும். இரண்டாவது, பிரவுசரிலேயே ஓடும் மைன்ட் ஏ.ஆர் போன்ற இலவசத் திறமூல மென்பொருள். ஒட்டிவைத்த ஒரு படத்தைக் கமரா அடையாளம் கண்டு, அதிலிருந்து அளந்து வளையத்தைப் போடும். அந்தப் படம் திரைக்கு வெளியே போனால் வளையமும் போய்விடும். குறை அதுதான். நிறை: கமராவும் பிரவுசரும் உள்ள சாதாரண அன்ட்ரொயிட்டிலும் ஐபோனிலும் ஓடும், எச்.டி.எம்.எல் (இணையப் பக்கம் செய்யும் மொழி) எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. மாணவர் செயற்றிட்டத்துக்கு ஏற்ற அளவு வேலை இது. கீழே சொல்வது இந்த இரண்டாவது வழிக்கு.

குறிப்படம்: பாதி வெற்றி இங்கேதான்

கமரா தேடும் படத்தைக் குறிப்படம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கூர்மையான மூலைகளும், கறுப்பு–வெள்ளை வேறுபாடும், ஒழுங்கில்லாத வடிவங்களும் நிறைய இருக்க வேண்டும். கோலம் போட்டு அனுப்புபவர்கள் உண்டு. கோலம் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எது மேல், எது கீழ் என்று மென்பொருள் குழம்பும், வளையம் எஞ்சினின் மறுபக்கம் போய் நிற்கும். நிறுவனச் சின்னம் மட்டும் நடுவில் உள்ள வெள்ளைத் தாளும் சரிவராது, பிடிக்கப் புள்ளிகள் போதாது. பழைய பத்திரிகைத் துண்டுகளையும் பல அளவு முக்கோணங்களையும் தாறுமாறாக ஒட்டி எடுத்த படம் பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் நன்றாக வேலை செய்யும். வெவ்வேறு எஞ்சின் மாதிரிகளுக்கு முற்றிலும் வெவ்வேறு படம் வையுங்கள். எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே படத்தை வைத்தால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும்.

12 செ.மீ. அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். (ஏ.ஆர் கோர் வழியில் போனால் குறைந்தது 15 செ.மீ. வேண்டும், முதல்முறை பிடிக்கும்போது கமராக் காட்சியில் கால்வாசியையாவது படம் நிரப்ப வேண்டும்.) கொமினிகேஷன் கடையில் அடித்துப் பளபளவென்று லெமினேற் செய்தால் வெயில் அதில் பட்டுத் தெறித்து, கமராவுக்கு வெறும் வெள்ளை மட்டும் தெரியும். பளபளப்பில்லாத மற் வினைல் ஸ்ரிக்கரில் அடியுங்கள். அதைத் தட்டையான அலுமினியத் தகட்டில் ஒட்டி, தகட்டை எஞ்சினில் பொருத்துங்கள். நேரே எஞ்சினில் ஒட்டினால் வளைந்த இடத்தில் படமும் வளையும், அளவு பிழைக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் தொட்ட சீலையால் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும்.

எங்கே பொருத்துவது? சுற்றும் ப்ளைவீலில், கழற்றும் மூடியில், காற்று வடியில், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். எஞ்சின் உடம்போடு அசையாமல் நிற்கும் இடமாக, வேலை செய்யும் நட்டுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு கிட்ட வையுங்கள்.

இந்தக் கிட்ட என்ற சொல்லுக்குக் கணக்கு உண்டு. படத்தின் சாய்வை மென்பொருள் 1 பாகை பிழையாக எடுத்தால், 40 செ.மீ. தள்ளியுள்ள நட்டில் வளையம் 7 மி.மீ. விலகும். 3 பாகை பிழைத்தால் 2 செ.மீ.க்கு மேல் விலகும், வளையம் அடுத்த நட்டில் போய் நிற்கும். நட்டு 12 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதே 3 பாகைக்கு 6 மி.மீ. தான். ஏ.ஆர் பிழையான நட்டைக் காட்டுவது ஒன்றும் காட்டாமல் விடுவதிலும் மோசம், ஏனென்றால் திரையில் சிவப்பாகத் தெரிவதைப் பையன் நம்பிவிடுவான். ஆகவே எயார் எடுக்கும் பம்புக்கு ஒரு தகடு, நொசிலுக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) இன்னொரு தகடு என்று இரண்டு வைப்பதில் தப்பில்லை.

அளப்பதும் எழுதுவதும்

மைன்ட் ஏ.ஆரின் தளத்தில் உள்ள கருவியில் குறிப்படத்தை ஏற்றினால் ஒரு கோப்பாக மாற்றித் தரும். அதன் பிறகு எல்லா அளவும் குறிப்படத்தின் அகலத்தை 1 என்று வைத்தே எழுதப்படும். படத்தின் நடுப்புள்ளியிலிருந்து வலது பக்கம் கூட்டல், மேலே கூட்டல், படத்திலிருந்து உங்களை நோக்கி வெளியே கூட்டல். 12 செ.மீ. அகலப் படத்தின் நடுவிலிருந்து நட்டு 18 செ.மீ. வலதும், 6 செ.மீ. கீழும், 3 செ.மீ. வெளியேயும் இருந்தால் எழுத வேண்டியது 1.5, கழித்தல் 0.5, 0.25. வெளியே எவ்வளவு என்பதை அளக்க மறப்பார்கள். நேரே நின்று பார்க்கும்போது வளையம் சரியாக இருக்கும், பக்கவாட்டில் நகர்ந்ததும் நழுவும். அப்படி நழுவினால் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்.

எஞ்சினின் முப்பரிமாண மாதிரியெல்லாம் செய்யத் தேவையில்லை. வளையம், அம்பு, எந்தப் பக்கம் திருப்புவது என்று வளைந்த அம்பு, ஒரு வரி எழுத்து: இவ்வளவும் போதும்.

அந்த ஒரு வரியில்தான் தமிழ் படுத்தும் பாடு இருக்கிறது. முப்பரிமாணக் காட்சிக்குள் எழுத்தைப் போடும் கருவிகள் பல தமிழைச் சரியாகச் சேர்ப்பதில்லை. ‘கொ’ என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியே விழும், சிலவற்றில் வெறும் பெட்டிதான் வரும். எழுத்தை ஒரு படமாகச் செய்து, அந்தப் படத்தை வளையத்துக்குப் பக்கத்தில் வைப்பதே சுலபமான வழி. இன்னொன்று: நம் பக்கத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் அதிகம். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யுனிகோட்டுக்கு மாற்றியே எடுங்கள். எழுத்தின் உயரம் 2 செ.மீ. அளவு, மஞ்சள் அடியில் கறுப்பு எழுத்து. வெள்ளை எழுத்து வெயிலில் தெரியாது.

சொற்கள் கராஜில் பேசும் சொற்களாக இருக்கட்டும். ‘எரிபொருள் உட்செலுத்தி’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. நொசில், பில்ரர், பம்ப், எயார், ஸ்பானர்.

எயார் எடுக்கும் வழிகாட்டியில் வர வேண்டியவை

1. எஞ்சின் நின்றிருக்க வேண்டும், கியர் நடுவில். இது வெறும் எழுத்துப் படி, இதற்கு ஏ.ஆர் தேவையில்லை.

2. தாங்கியில் பாதிக்கு மேல் டீசல். குழாய்த் திருகி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் ஊற்றியவர் திருகியை மறப்பதுதான் பல நேரம் முழுப் பழுதும்.

3. பில்ரருக்கு மேலுள்ள எயார் ஸ்க்ரூ. முதல் வளையம் இங்கே. ஒன்று, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்த நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். முழுக்கக் கழற்றினால் செம்பு வாசர் சேற்றில் விழும், அதில்லாமல் இறுக்கினால் அந்த வழியாகவே திரும்பவும் காற்றுப் போகும். ‘கழற்ற வேண்டாம், தளர்த்து’ என்பதை இந்தப் படியில் பெரிதாகப் போடுங்கள்.

4. பம்பில் உள்ள எயார் ஸ்க்ரூ. இரண்டாவது வளையம். சில எஞ்சினில் இது இராது. இல்லாத எஞ்சினுக்கு இந்தப் படியை நீக்கிய வேறு பக்கம் செய்ய வேண்டும், “இல்லாவிட்டால் விடவும்” என்று எழுதிவைக்கக் கூடாது. தேடித் தேடி எதையாவது தளர்த்துவார்கள்.

5. நொசில் பக்கத்துக் குழாய் நட்டு. மூன்றாவது வளையம் பச்சை. பம்புப் பக்கத்து டெலிவரி வால்வு நட்டு கிட்ட இருந்தால் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. எதைத் தொடுவது என்பதைப் போல எதைத் தொடக்கூடாது என்பதையும் காட்டுங்கள். ஸ்பானர் பெரும்பாலும் 17 அல்லது 19. உங்கள் எஞ்சினில் போட்டுப் பார்த்து அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதுங்கள்.

6. அரைச் சுற்றுத் தளர்த்தி, எக்சிலேற்றரை ஓடும் நிலைக்கு வைத்து, டிகொம்பிறெசன் லீவரை (சுற்றுவதை இலேசாக்கும் பிடி) பிடித்துக்கொண்டு கைபிடியால் சுற்ற வேண்டும். டீசல் விட்டு விட்டு வெளியே பீறியதும் இறுக்கி, மறுபடி சுற்றினால் நொசிலில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது வந்தால் ஸ்ராட் ஆகும். அந்தச் சத்தத்தை ஒரு ஓடியோத் துண்டாகப் பதிந்து இந்தப் படியில் வையுங்கள், எழுத்தால் சொல்ல முடியாதது அது.

இந்தப் படியில் எச்சரிக்கை ஒன்று கட்டாயம். நொசிலில் டீசல் 100 பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் வரும். பீறும் இடத்தில் கையை வைத்துப் பார்க்கக் கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும், நோவும் உடனே இராது. அப்படியிருந்தாலும் பொறுத்துப் பார்க்காமல் உடனேயே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும், டீசல் உள்ளே போனது என்று சொல்லவும் வேண்டும்.

இரண்டு கையும் வேலையில் இருந்தால் போனை யார் பிடிப்பது?

ஏ.ஆர் விற்பவர்கள் வாய் திறக்காத கேள்வி இது. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்பானர் என்றால் நட்டு வழுக்கும், போன் வாய்க்காலில் விழும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ‘நிறுத்து’ என்று ஒரு பெரிய பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் கமராக் காட்சி வளையத்தோடு அப்படியே உறைய வேண்டும். மைன்ட் ஏ.ஆரில் இதற்குக் கட்டளை உண்டு. பார்த்து, உறையவைத்து, போனை உரப்பை மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம்.

எண்ணெய்க் கைக்குத் தொடுதிரை ஒழுங்காகக் கேட்காது. பொத்தான்கள் திரையின் அடியில் முழு அகலத்துக்கும் இருக்கட்டும், இரண்டுக்கு மேல் வேண்டாம். தமிழில் குரலால் நகர்த்தலாம் என்ற ஆசை வரும். டேற்றா உள்ள இடத்தில், எஞ்சின் நின்றிருக்கும்போது அது நடக்கும். பக்கத்து வயலில் உழவு நடந்தால் நடக்காது.

சிக்னல் இல்லாத இடம்

ஏ9 வீதியோரத்தில் வேலை செய்யும் இணையப் பக்கம் காட்டோர வயலில் திறக்காது. முதல்முறை திறக்கும்போதே எல்லாக் கோப்பையும் போனில் சேமித்து வைக்கும்படி சேர்விஸ் வோர்க்கர் என்ற சிறு நிரலை எழுதுவிக்க வேண்டும். மொத்தம் 5 மெகாபைற்றுக்குள் அடக்குங்கள். பக்கம் எச்.டி.டி.பி.எஸ் முகவரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசர் கமராவைத் திறக்கவே விடாது. சோதிப்பது லேசு: ஒருமுறை திறந்து, மூடி, விமானப் பயன்முறைக்கு மாற்றி, மறுபடி திறந்து பாருங்கள்.

சிக்னல் இருந்தால் தொலைவிலிருந்து ஆள் உதவுவதும் ஒரு வழி. வயலில் நிற்பவரின் கமராக் காட்சியில் கராஜில் இருப்பவர் விரலால் வட்டம் போட, அது வயல்காரரின் திரையில் அந்த நட்டோடு ஒட்டி நிற்கும். இதற்குக் கட்டண மென்பொருள்கள் உண்டு. நொடிக்கு 1 மெகாபிற் வீதம் ஓடினால் மணிக்கு 450 மெகாபைற் டேற்றா போகும். மாதத்துக்கு ஒரு முறைதான் தேவைப்படும் என்றால் அதற்குக் காசு கட்ட வேண்டாம். வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, மெக்கானிக் அதன்மேல் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினால் வேலை முடியும். அது ஏ.ஆர் இல்லைத்தான், ஆனால் “எந்த நட்டு அண்ணை?” என்பதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

வெயில், தூசி, எண்ணெய்

35 பாகை செல்சியசுக்கு மேல் வெயில் எறிக்கும் நேரத்தில் கமராவும் திரையும் ஒன்றாக ஓடினால் போன் சூடேறித் திரையைத் தானே மங்கலாக்கும், சிலது கமராவை நிறுத்தும். தறப்பாளோ குடையோ பிடித்து, எஞ்சினையும் போனையும் முழு நிழலில் வையுங்கள். வேப்ப மர நிழல் பார்க்கக் குளிர்ச்சி, ஆனால் இலைகளுக்கூடாக விழும் வெயில் பொட்டுகள் குறிப்படத்தில் ஆடினால் வளையமும் ஆடும். வளையம் விடாமல் நடுங்கினால் மென்பொருளைக் குறை சொல்ல முன் கமராக் கண்ணாடியைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்திருப்பதுதான் முதல் காரணம்.

பாவிக்கக் கூடாத இடங்கள்

ஓடும் எஞ்சின், சுற்றும் பெல்ற். திரைக்கூடாகப் பார்ப்பவருக்குத் தூரம் பிழைத்துத் தெரியும், கையை எங்கே வைக்கிறோம் என்று தெரியாது.

சோலர்ப் பம்பில் எந்தச் சுவிட்சை முதலில் நிறுத்துவது என்று ஏ.ஆர் நன்றாகக் காட்டும். மின் இல்லை என்று அது சொல்ல முடியாது. பலகை ஒன்றுக்கு 40 வோல்ட் வீதம் 8 பலகை தொடராகக் கட்டினால் 320 வோல்ட் டி.சி., வெயில் இருக்கும்வரை அந்த வயரில் மின் நிற்கும். மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

புதைந்த தண்ணீர்க் குழாயையோ வயரையோ போனின் ஜி.பி.எஸ் வைத்துத் தரையில் கோடாகக் காட்டும் செயலிகளை நம்பித் தோண்டாதீர்கள். திறந்த வானத்திலும் போன் ஜி.பி.எஸ் 5 மீற்றர் அளவு பிழைக்கும். கண்ணிவெடி அகற்றிய எல்லையை இப்படிக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே அடித்த கட்டையும் கட்டிய நாடாவும் எச்சரிக்கைப் பலகையும் சொல்வதற்கு மேல் ஒரு போன் எதையும் சொல்லக் கூடாது.

கொடுத்துப் பார்ப்பது

எயார் எடுத்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டு பாருங்கள். எத்தனை முறை உங்கள் முகத்தைப் பார்க்கிறார், எந்தப் படியில் போனைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு புதியவருக்குக் கடுதாசி அட்டையை மட்டும் கொடுத்து அதையே செய்யச் சொல்லுங்கள். பையன்கள் போனை விரும்புவது கணக்கில் வராது, பிழையான நட்டைத் தொட்டார்களா என்பதே கணக்கு.

இதையெல்லாம் மழைக்கு முன், செப்டெம்பருக்குள் முடித்துவிடுங்கள். உழவு தொடங்கிய பிறகு எந்தக் கராஜிலும் நின்று பேச ஆள் கிடைக்காது. போகத்துக்கு ஒருமுறை தகடுகளைப் பார்த்து, சுரண்டிய ஸ்ரிக்கரை மாற்றுங்கள். தகட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டியிருந்தால் மூன்று வளையமும் நட்டில்தான் நிற்கின்றனவா என்று கண்ணால் சரிபார்த்த பிறகே போனை வயலுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஓட்டை மாறிப் பூட்டினாலும் வளையம் பக்கத்து நட்டில் நிற்கும்.